பப்பாசிப் பாலில் வெட்டுப்படாத புரதம்

என் ஆய்வு வாழ்க்கையில் ஒரேயொரு முறை என் பெயர் கெட்டுப்போக இருந்தது. அது கெடாமற் போனதற்கு என் அறிவே காரணம் என்று எழுத ஆசைதான். ஆயினும் நடந்தது அதுவன்று.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயனப் பிரிவில் பணியாற்றினேன். உயிரணுக்கள் வெளியே சுரக்கும் புரதங்கள் பல, முதலில் சற்று நீளமாகவே உருவாகின்றன. மேலதிகத் துண்டை ஒரு நொதியம் வெட்டி நீக்கிய பின்னரே அவை செயற்படும். பப்பாசிக் காயைக் கீறினால் வடியும் பாலில் உள்ள, இறைச்சியை மென்மையாக்கும் நொதியமும் அத்தகையதே. கீறிய சில நிமிடங்களில் அந்த வெட்டு முடிந்துவிடுவதால், நீண்ட வடிவத்தைக் காண்பது அரிது.

எனக்கான பால் கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து வந்தது. என் அண்ணனின் மனைவி அங்கே பால்வெட்டும் தொழிலாளி. சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகும் வழியில், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் நின்ற பப்பாசி மரத்துக் காய்களைக் கீறி, பாலைப் போத்தலில் பிடித்து வைப்பார். நண்பகலில் நான் சென்று ஐஸ் பெட்டியில் எடுத்து வருவேன். குறிப்பேட்டில் அவரைப் 'பயிற்சி பெற்ற உதவியாளர்' என்றே எழுதியிருந்தேன். உறவுமுறையையோ, நானும் தோட்டத்தில் பிறந்தவன் என்பதையோ எவரிடமும் சொல்லவில்லை.

ஒருமுறை பால் உறைந்து கட்டியாகியிருக்கக் கண்டு கடுமையாகப் பேசிவிட்டேன். அடுத்த மூன்று வாரங்களும் பால் தெளிவாக வந்தது. அதைவிட வியப்பு, ஆய்வில் நீண்ட புரதமும் தெளிவாகத் தெரிந்தது. அந்த மரத்தின் பாலில் வெட்டே நிகழ்வதில்லை என்று முடிவு செய்து, கொழும்பில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினேன். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அதன்பின் வந்த இரண்டு வாரங்களும் நீண்ட புரதத்தைக் காணவில்லை.

"மூன்று முறை கண்டேன், இரண்டு முறை காணவில்லை என்று மேடையில் சொல்லப்போகிறீரா?" என்று பேராசிரியர் கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. பொய் முடிவு காட்டியவன் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஓய்வு பெறும்வரை போகாது.

அந்தச் சனிக்கிழமை மதினியிடம் நேராகவே கேட்டேன்.

"மதினி, கடைசி ரெண்டு வாரமும் எந்த மரத்துல எடுத்தீங்க?"

"அதே மரந்தான். ஏன், பப்பாசிக்கும் உங்க மாதிரி கோவம் வந்திருச்சா?"

"வேற என்ன மாத்தினீங்க?"

"நான் என்னத்த மாத்துறது? ரெண்டு சனிக்கெழமையும் மழை. மழைன்னா எறப்பர் வெட்டு இல்ல. வெட்டு இல்லன்னா அமோனியா குடுக்க மாட்டாங்க. அதனால வெறும் பாலத்தான் புடிச்சு வச்சேன்."

"அமோனியாவா? எதுக்கு?"

"நல்லாயிருக்கே! கட்டி கட்டியா இருக்குன்னு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனது யாரு? எறப்பர் பாலு ஒறையாம இருக்க ஊத்துறத இதுலயும் நாலு சொட்டு விட்டேன். இம்புட்டுப் படிச்ச கொழுந்தனாருக்கு மோந்து பாக்கத் தெரியாதா?"

தெரியவில்லைதான். அமோனியா வாடையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். வேறொருவர் போத்தலைத் திறந்ததுமே முகம் சுளித்திருப்பார். என் மூக்குக்கு அது தோட்டத்துக் காற்றாகவே பட்டிருக்கிறது.

மதினி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடிக்கும்போதுதான் விளங்கியது. புரதத்தில் வெட்டு நடக்கப் புளிப்புத்தன்மை வேண்டும். அமோனியா அதைப் போக்கிவிட்டால், புரதம் நீளமாகவே நின்றுவிடும். நான் கண்டது பொய்யன்று. சொன்ன காரணம்தான் பிழை.

மழையற்ற அடுத்த சனிக்கிழமை, ஒரே காயின் பாலை இரண்டு போத்தல்களில் பிடித்து, ஒன்றில் மட்டும் அமோனியா விட்டோம். அதில் மட்டுமே நீண்ட புரதம் இருந்தது. அதனுடன் சிறிது அமிலம் சேர்த்ததும், வெட்டு என் கண்முன்னே தொடங்கியதுபோல் அடுத்தடுத்த மாதிரிகளில் புரதம் குறுகிக்கொண்டே வந்தது. பேராசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தலைப்பை மாற்றி எழுதும்" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு எவருக்கும் கிடைத்ததில்லை.

மாநாட்டில் முதல் சுருக்கத்தின் பிழையை நானே எடுத்துச் சொல்லிவிட்டு, புதிய முடிவை வாசித்தேன். "அமோனியா சேர்க்கும் யோசனை யாருடையது?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். தோட்ட வழக்கம் என்று பொதுவாகச் சொல்லித் தப்பியிருக்கலாம்.

"என் மதினியுடையது. கேகாலையில் இறப்பர்ப் பால் வெட்டுகிறார்" என்றேன்.

கேட்டவர் அதை அப்படியே குறித்துக்கொண்டு, எத்தனை சொட்டு என்று கேட்டார். அவ்வளவுதான். அத்தனை ஆண்டுகளாக நான் அஞ்சியது இதற்காகவா என்று தோன்றியது.

செய்தியை மதினியிடம் சொல்ல அன்றே பஸ் ஏறினேன். பொது இடத்தில் உறங்குவதை மரியாதைக் குறைவாகக் கருதுபவன் நான். ஆயினும் கேகாலையில் இறங்க வேண்டியவன், அதைத் தாண்டி மாவனல்லையில்தான் கண்விழித்தேன். திரும்பிப் போக இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று.