ஏணியில் மனைவி, உள்ளே நான்

படுத்தெழும்ப வசதியுள்ள எங்கள் கேம்பர் வான் வண்டியில் ரீவி அன்ரனா திருப்புகிறவன் எப்போதும் நான்தான். வேறு குடும்பங்களில் மேலே நிற்பவர் கேட்பார், உள்ளே ரீவிக்கு முன்னால் இருப்பவர் பதில் சொல்வார். எங்களிடம் அந்த வழக்கம் இல்லை. கம்பத்தை ஒரு விரற்கடை திருப்பிவிட்டு, ஏணியால் இறங்கி, உள்ளே வந்து என் கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவேன். ஒரே பின்னேரத்தில் பத்துத் தரம் ஏறி இறங்கியதும் உண்டு.

“நானென்ன குருடியோ? வந்தா வந்திட்டுதெண்டு சொல்லமாட்டனோ?” என்பாள் மனைவி.

“உமக்குக் கிளியர் விளங்காது” என்று சமாளிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நான் சொன்ன பொய்களில் நீண்ட காலம் ஓடியது இதுதான். யாரோ மேலே நிற்க, உள்ளே இருந்து பதில் சொல்கிறவனாக நான் இருக்க முடியாது. அந்தப் பதில் சொல்கிற வேலையை அவளிடமும் கொடுக்காமல் எப்படியோ பார்த்துக்கொண்டேன்.

அந்த வான் வருடம் முழுக்கக் கனடாவில், எங்கள் பிக்கரிங் வீட்டு டிரைவேயில் நிற்கும். வெயில் வந்தால் ஏரிக்கரைக்குப் போவோம். கூரையோடு வந்த அன்ரனா உடைந்துபோக, பின் ஏணியில் ஒரு கம்பத்தை இறுக்கிப் புதிதாக ஒன்றை மாட்டினேன். மாட்டியதும் நேரே தண்ணீர்ப் பக்கம் திருப்பினேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குப் படம் கடல் தாண்டி இந்தியாவிலிருந்துதான் வரும். கை அதை மறக்கவில்லை. அக்கரை அமெரிக்காவின் காலநிலை அறிக்கை வந்தது. அவளுக்கு வேண்டியதோ ஐஸ் ஹொக்கி. அது ரொறன்ரோக் கோபுரத்திலிருந்து, மேற்கிலிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபட இரண்டு கிழமை எடுத்தது. அலையைக் கூட்டித் தரும் பூஸ்ரரின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, புது இடத்தில் சனல்களை மறுபடி தேட விடுவது எல்லாம் பிறகு பழகியவை. இந்த டிஜிட்டல் படத்தில் பழைய புள்ளி பறக்கிற வேலை இல்லை. வந்தால் முழுதாக வரும். இல்லாவிட்டால் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும். திருப்பிவிட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும்.

இந்த வருடம் எனக்கு முழங்காலில் ஒப்பரேஷன். ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைகாசிச் சனிக்கிழமை, வெயில் இன்னும் இறங்கவில்லை. தோற்றால் அவளுடைய அணி வீட்டுக்குப் போகவேண்டிய ஆட்டம். காற்று கம்பத்தைத் திருப்பிவிட, படம் உடைந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டாள்.

“நீங்கள் அதில இருங்கோ. வந்தாச் சொல்லுங்கோ.”

இருந்தேன். வேறு என்ன செய்ய?

யாழ்ப்பாணத்தில் அன்றைக்கு எனக்குப் பத்து வயது, அண்ணாவுக்குப் பதினெட்டு. இந்தியாவில் கிரிக்கெட். அண்ணா ஓட்டில் கால் வைத்து, கூரையில் அன்ரனாக் குழாயைப் பிடித்தபடி நின்றான். யுத்தம் மூண்டு, ஹெலிகொப்டர் வந்து சுடத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. “வந்திட்டுதோடா?” என்று கேட்டான். வந்திருந்தது. பந்துகூடத் தெரிந்தது. நான் “இன்னும் கொஞ்சம்” என்றேன். மறுபடி கேட்டான். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாம் தரம் அவன் கேட்கவில்லை. ரீவியை உச்சத்தில் வைத்திருந்ததால் ஹெலி வந்தது எனக்குக் கேட்கவில்லை. சூட்டுச் சத்தம்தான் கேட்டது. அவனுக்கு ஹெலி கேட்டிருக்கும். இறங்க நேரம் போதவில்லை.

வான் ஏணியில் நான் நிற்கும்போதெல்லாம் அவன் பக்கத்தில் நிற்பான். இன்னும் பதினெட்டு வயதுதான். பேசமாட்டான். எனக்குப் பயமாக இருக்கும். ஆனாலும் உள்ளே இருப்பதைவிட அது பரவாயில்லை.

“வந்திட்டுதோ?” மேலிருந்து மனைவி கேட்டாள்.

திரையில் சதுரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. பனித்தளம் வந்தது, விளையாட்டுக்காரர் வந்தார்கள், அந்தச் சின்னக் கறுப்பு வட்டும் வந்தது. ஒரு குறையும் இல்லை.

“இன்னும் கொஞ்சம்” என்றேன்.

நான் சொல்ல நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. மேலே கம்பம் கிறீச்சிட்டது. அவள் இன்னொரு படி ஏறுவது கேட்டது. ஊன்றுகோலையும் எடுக்காமல் வெளியே ஓடினேன், அதை ஓட்டம் என்று சொல்ல முடியுமானால். அவளுடைய இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்தேன்.

“இறங்கும்.”

“படம்?”

“முதலே வந்திட்டுது. இறங்கும்.”

ஏச வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இறங்கிக் கீழ்ப்படியில் இருந்தாள். நான் புல்லில் நின்றபடியே சொன்னேன். அண்ணா ஹெலியின் சூட்டில் செத்தது அவளுக்குத் தெரியும். அவனைக் கூரையில் நிறுத்தி வைத்திருந்தது நான் என்பது தெரியாது.

“வந்தாப் பிறகும் ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“நல்லாத்தான் இருந்தது. இன்னும் நல்லா வருமெண்டு நினைச்சன்.”

உள்ளே யாரோ கோல் போட்டிருக்க வேண்டும். சனம் ஆரவாரித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“மாமிக்குத் தெரியுமோ?” என்று கேட்டாள்.

அம்மா ஸ்காபரோவில் கண்ணை மூடும்வரை ஒவ்வொரு திவசத்துக்கும் அண்ணாவின் படத்துக்கு முன்னால் சோறு படைத்துவிட்டு, அழுதுகொண்டே அவனை ஏசுவார். கிரிக்கெட் பைத்தியம், சொல்வழி கேளாதவன், தானே ஏறித் தானே செத்தான் என்று. பிறகு படைத்த சோற்றை எனக்குப் போடுவார். நான் சாப்பிடுவேன். ஒரு வருடமாவது வாய் திறந்தேனில்லை.

“இல்லை” என்றேன். “அம்மா அவனிலதான் பிழையெண்டு நினைச்சுக்கொண்டு போயிட்டா.”