ரோஜா மூக்கு வெள்ளைக் குட்டி

எழுபதுகளின் கடைசியில், கே.கே. நகரில் வீடு கட்டிக் குடிபோன புதிதில், காம்பவுண்டுக்குள் இருந்த பித்தளை அண்டாவைப் பட்டப்பகலில் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். காவலுக்கு ராஜபாளையம் நாய்தான் சரி என்று முடிவு செய்து, திருப்பரங்குன்றம் பக்கம் தோட்டத்தில் நாய் வளர்த்த பேச்சியம்மாவிடம் போனேன்.

ஐந்து குட்டிகள். ரோஜா நிற மூக்கும் பால்வெள்ளை உடம்புமாக, அசல் ராஜபாளையம் லட்சணத்தோடு இருந்ததை அள்ளிக்கொண்டேன்.

"அது வேணாம் சார். அதுக்குக் காது கேக்காது. காவலுக்கு இந்தக் கறுப்பு மூக்கனைக் கொண்டுபோங்க" என்றார் பேச்சியம்மா.

கறுப்பு மூக்கன் உடம்பில் செம்மண் அப்பியதுபோலத் திட்டுகள். நல்ல குட்டியைத் தனக்கு ஒதுக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, வெள்ளையையே பிடிவாதமாக வாங்கி வந்தேன்.

குக்கர் விசிலுக்குக்கூட அது கண் திறக்கவில்லை. பால்காரர் வந்து போவதும் அதற்குத் தெரியாது. எவ்வளவு கத்தினாலும் திரும்பாது. எரிச்சலில் கட்டியே போட்டேன். ஒரு மாதம் கழித்து, வெட்கத்தோடு திருப்பிக் கொண்டுபோனேன்.

பேச்சியம்மா வெள்ளையை வாங்கிக் கீழே விட்டார். கறுப்பு மூக்கனைத் தூக்கி என் கையில் கொடுத்தார். பிறகு, எங்கோ பார்த்து நின்ற வெள்ளைக்குப் பின்னால் போய், வெறுங்காலால் தரை அதிர இரண்டு தட்டுத் தட்டினார். அது சட்டென்று திரும்பி, வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் ஓடியது.

"காவலுக்குத்தான் ஆகாதுன்னேன். கூப்பிடத் தெரிஞ்சா வந்துரும் சார், அம்புட்டுத்தான்."

கறுப்பு மூக்கன் பல வருஷம் எங்கள் வீட்டைக் காத்தான். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் அவனை நான் காலால் தரையைத் தட்டித்தான் கூப்பிடுவேன்.