ஏரிக்கரையில் நான் படித்ததாகச் சொன்ன பலகை

மகள் ஏற்பாட்டில் நானும் மனைவியும் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலிலிருந்து ஓர் ஏரிக்கரைக் காட்டேஜில் தங்கப் போனோம். காலையில் கரையோரம் நடந்தபோது கன்னடப் பலகை ஒன்று இருந்தது. எனக்குக் கன்னடம் பேச வரும். நாலாவது வரை தமிழில் மட்டுமே படித்ததால் வாசிக்க வராது.

“இன்னாங்க போட்டிருக்குது?” என்றாள் மனைவி.

தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, “குளிக்கக் கூடாதாம்” என்றேன்.

“நாம இன்னா குளிக்கவா வந்தோம்?” என்று சிரித்தவள், காய்ந்த தரை போலிருந்த இடத்தில் பூப்பறிக்க இறங்கி, இடுப்பு வரை சேற்றில் புதைந்துவிட்டாள். என் அலறல் கேட்டு ஓடிவந்த காவலாளிதான் கயிறு போட்டு இழுத்தார்.

“புதைசேறுன்னு பெருசா எழுதியிருக்குதே, பாக்கலியா?” என்று என்னிடம் கேட்டார்.

நடுங்கிக்கொண்டிருந்த மனைவி, “அவரு கண்ணாடி எடுத்துனு வரலண்ணா” என்றாள். நான் கண்ணாடி போடுகிறவனே இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் அவள் எதிரிலேயே, “எனக்குக் கன்னடம் படிக்க வராது, சொல்லுங்க” என்று யாரிடமாவது கேட்டுவிடுகிறேன்.