எலுமிச்சம்பழம் உருண்டபோது

கணவரின் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து சென்னையின் கள்ளிக்குப்பத்து அடுக்ககத்துக்கு வந்த எனக்கு, தோழிகள் என்றால் எங்கள் மாடியிலிருக்கும் மூன்று பெண்கள்தான். பொங்கல் விழாவுக்கு நால்வரும் ஆளுக்கொரு அடுப்பில் சாம்பார் வைத்தோம். என்னுடையது உப்புக் கரித்தது.

"இன்னாத்துக்கு கண்ணு கலங்குற? எல்லாத்தையும் ஒண்ணா கலந்துட்டா எவனுக்குத் தெரியப் போவுது?" என்று சிரித்தார், இந்த ஊர்க்காரரான ரேவதி அக்கா.

மாலையில், கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி நடக்கும் போட்டி. நால்வரும் ஒருவர் பின் ஒருவராக, பழத்தைக் கீழே போடாமல் நடந்தால்தான் அணிக்கு வெற்றி. கடைசியாக நான் நடந்தபோது என் மகள் அழுதபடி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். பழம் உருண்டது.

"கொயந்தய யாராண்டயாவது உட்டுட்டு வரத் தெரியாதா? உன்னாலதான் தோத்தோம்" என்றார் அதே ரேவதி அக்கா. மற்ற இருவரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். லிஃப்டில்கூட எனக்காக யாரும் காத்திருக்கவில்லை.

சாம்பாரில் என் தவறு கலந்து மறைந்தது. இங்கே அது தனியாகத் தெரிந்தது. நட்பு இவ்வளவுதானா என்று கசந்தது. ஆனால் போட்டியில் எனக்கு முன்னால் ரேவதி அக்கா முட்டிவலியோடு நடந்து வந்தபோது, "என்னக்கா, இப்படி ஆடி அசைஞ்சு வாரீய?" என்று எல்லோர் முன்னாலும் கத்தியவள் நான்தான். அதனால் அவரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை; மறுநாள் அவர் கதவைத் தட்டியபோது திறக்கவும் முடியவில்லை.