காய்ச்சித் தட்டிய சக்கரம்

புது வண்டி வாங்கியதும் அதன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறீர்களே, அந்தச் சக்கரம் எந்த உலோகத்தால் ஆனது, எவ்வளவு தடிமன், எந்த உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகும் சாலையில் பட்டறை வைத்திருக்கும் கலந்தர் கேட்டார். சற்றுத் தாமதமாகத்தான் கேட்டார். அந்தத் தாமதத்தில் ஒரு மனிதனின் கழுத்து முறிந்திருக்கலாம்.

2009இல் அவருக்கு நாற்பத்து நான்கு வயது. பள்ளிப் படிப்பு எட்டாவதோடு சரி. தொழில் கேஜ் வீல்; அதாவது சேற்றுழவின்போது டிராக்டரில் மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம். வயலிலிருந்து கரையேறும்போது மதகில் இடித்தால் அது கோணிக்கொள்ளும். கலந்தர் அதைக் கேஸ் நெருப்பில் காய்ச்சுவார். இரும்பு நன்றாகச் சிவந்ததும் சுத்தியலால் தட்டிக் கோட்டம் எடுப்பார். அவர் தட்டிய சக்கரம் அடுத்த சம்பாவரை பட்டறைக்குத் திரும்பாது என்று சுற்றுவட்டாரத்தில் பேர்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் ராஜராஜன் வந்தார். பேராவூரணியில் அறுபது ஏக்கர் தென்னை, சார்ஜாவுக்குக் கட்டுமான ஆட்களை அனுப்பும் தொழில். தாராளமயம் என்று நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டதாகச் சொன்னார்கள் அல்லவா, அந்தக் கதவு வழியாக ஆட்கள் வெளியே போனார்கள். அவருடைய விளையாட்டு வண்டி உள்ளே வந்தது. அதைக் குவாட் என்கிறார்கள். நான்கு சக்கரம், மோட்டார் சைக்கிள் போல ஹேண்டில்பார், மேட்டிலிருந்து பறந்து குதிப்பதற்கென்றே செய்தது. கடைமடையில் தண்ணீர் எட்டாமல் தரிசாகிப்போன தம்முடைய மூன்று ஏக்கர் நெல் வயலில் ராஜராஜன் வரப்புகளை அழித்தார். வாய்க்கால் தூர்மண்ணைக் கொட்டி மேடும் பள்ளமுமாக, வண்டியைப் பறக்கவிட்டுப் பந்தயம் ஓட்டும் மோட்டோகிராஸ் தடம் போட்டார். முன்பு அங்கே நடவு நட்ட பெண்கள் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

வண்டி அவருடையது, ஓட்டியவர் தியாகராசன். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பம், டிராக்டர் டிரைவர், இருபத்தாறு வயது. சேற்றில் எந்த வண்டியையும் வழுக்காமல் திருப்பத் தெரிந்தவர். மேற்கே நடக்கவிருந்த ஒரு மோட்டோகிராஸ் போட்டியில் தம் பெயர் போட்ட சட்டையோடு தியாகராசன் ஓட்ட வேண்டும் என்பது ராஜராஜனின் ஆசை. பயிற்சியில் குதித்துக் குதித்துப் பின்சக்கரங்கள் இரண்டிலும் ரிம்மின் உள்விளிம்பு மடிந்து காற்று இறங்கியது.

"கேஜ் வீலுக்கே நீங்கதான் டாக்டரு. இது பொம்ம மாதிரி. தட்டி விடுங்க பாய்" என்றார் ராஜராஜன்.

கலந்தர் ரிம்மைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை. அலுமினியம். அடுப்பில் வைக்கும் பாத்திரமாகத்தான் அவருக்கு அந்த உலோகத்தைத் தெரியும். நெருப்பைக் காட்டிவிட்டுச் சிவக்கட்டும் என்று காத்திருந்தார். சிவக்கவில்லை. மேலும் காட்டினார். ஓரத்தில் ஒரு பொட்டு உருகி வழிந்ததும் பதறி நெருப்பை எடுத்தார். பிறகு தட்டினால், சுத்தியல் போன பக்கமெல்லாம் விளிம்பு போனது.

"இரும்பவிட இது சொன்ன பேச்சு கேக்குது தம்பி" என்றார் ராஜராஜனிடம்.

சுற்றிவிட்டதும் இரண்டு ரிம்களும் ஆட்டமில்லாமல் ஓடின. ராஜராஜன் அசந்துபோனார். சார்ஜாவில் தம் கூட்டாளியின் ஒர்க்‌ஷாப்புக்கு இப்படி ஒரு கைதான் தேவை என்றார். அடுத்த மாதமே விசா என்று சொல்லி, கலந்தரின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார். கலந்தரின் மனைவி ரசியா பேகம் அன்றே தங்கள் மகள் தஹ்மீனாவுக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கிவரச் சொன்னார். மூன்று வருடமாக அந்த வீட்டில் எல்லா முடிவுகளும் ஒரு விசாவுக்காகக் காத்திருந்தன.

பத்து நாள் கழித்துத் தியாகராசன் ஒரு ரிம்மை மட்டும் கொண்டுவந்தார்.

"பாய், அதே எடம் திரும்ப மடிஞ்சிருச்சு."

"பெரிய மேட்டுல உட்டியா?"

"சின்ன மேடுதான். எங்கம்மா தலச்சுமையோட ஏறி எறங்குற ஒசரம்."

"காத்து கொறைச்சலா வச்சிருந்தியா? சேத்துக்கு எறக்குற மாதிரி?"

"மொதல் தடவ எவ்வளவு வச்சமோ அவ்வளவுதான். அதையும் என் தலையில கட்டப் பாக்காதீங்க."

கலந்தர் சிரிக்கவில்லை. தியாகராசனை உட்காரச் சொன்னார். முன்பு வந்தபோது, இனி உதவாது என்று ராஜராஜன் போட்டுவிட்டுப் போன, விளிம்பு பிளந்த அதே வகைப் பழைய ரிம் ஒன்று மூலையில் கிடந்தது. அதிலிருந்து ஒரே அகலத்தில் இரண்டு பட்டைகள் அறுத்தார். ஒன்றை நெருப்பில் காட்டி ஆறவிட்டார், மற்றதைத் தொடவில்லை. இரண்டையும் வைஸ் என்னும் இடுக்கியில் பிடித்து, ஒரே குழாயைச் செருகி வளைத்தார். காய்ச்சாத பட்டை முரண்டு பிடித்தது. காய்ச்சிய பட்டை வாழைநார் போல மடங்கியது.

இன்னும் இரண்டு பட்டைகள் அறுத்து மறுபடியும் செய்தார். அதே முடிவு.

"இரும்பு சிவந்து எச்சரிக்கும். இது வாயத் தொறக்காம செத்துப்போவுது" என்றார். "நான் நேராக்கல தியாகு. நான்தான் கெடுத்திருக்கேன்."

அவர் செய்தது சோதனை. அதற்கு ஆய்வகமும் பட்டமும் வேண்டியதில்லை, தன் கை தவறியிருக்கலாம் என்று சந்தேகிக்கும் துணிவு வேண்டும். நம்மில் பட்டம் வாங்கிய பலருக்கு அது வாய்ப்பதில்லை.

போட்டிக்கு எட்டு நாள்தான் இருந்தது. கலந்தர் சொல்லியனுப்ப, ராஜராஜன் மற்ற ரிம்மையும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கலந்தர் நாலு பட்டைகளையும் காட்டினார். ராஜராஜன் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரி பாய், இன்னொரு தடவ தட்டுங்க. ஒரு ரேஸ் தாங்குனா போதும்."

"தட்டத் தட்ட இன்னும் நைஞ்சுபோவும். தாங்காது."

"பூஜ போட்டுத்தான எடுத்துட்டுப் போறோம்."

"பூஜைக்கு விளிம்பு தடிக்காது தம்பி. இதவிடத் தடிச்ச சக்கரமா வாங்குங்க."

"வெளிநாட்டுலேந்து வர ஒரு மாசம் ஆவும். என்ன ஆயிடப்போவுது? அவன் சேத்துல பொரண்டு வளந்தவன்."

தியாகராசன் பட்டறை வாசலில்தான் நின்றார். தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி வேலை நிலைத்த அனுபவம் அவர் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

"உங்களால முடியலன்னா உடுங்க. தஞ்சாவூர்ல தட்டிக்கிறேன்" என்று ராஜராஜன் ரிம்களை எடுக்கக் குனிந்தார். அதற்குள் கலந்தர் ஒரு ரிம்மை எடுத்து வைஸில் இறுக்கி, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை வைத்துவிட்டார்.

"பாய், அது என் பொருள்."

"நான் கெடுத்த பொருள். கெடுத்தவன்தான் அறுக்கணும்."

விளிம்பு குறுக்கே அறுபட்டது. இரண்டாவது ரிம்மை அவர் எடுத்தபோது ராஜராஜன் தடுக்கவில்லை. போகும்போது, "பாஸ்போர்ட்ட ஆபீஸ்ல வந்து வாங்கிக்குங்க" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

வீட்டில் ரசியா பேகம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சொல்லிட்டு உட்டிருக்கலாம்ல? எதுக்கு அறுத்தீங்க?"

"சொன்னேன். வேற எடத்துல தட்டிக்கிறேன்னாரு."

"அந்தப் பையன் என்ன நமக்கு ஒறவா?"

"இல்ல."

"மொதல்ல பாஸ்போர்ட்ட வாங்கிட்டு வாங்க. காலேஜு தேதி முடியறதுக்குள்ள வேற எடம் பாக்கலாம்" என்றார் ரசியா. வேறு இடம் கிடைக்கவில்லை. தஹ்மீனா அந்த வருடம் கல்லூரிக்குப் போகவில்லை. அடுத்த வருடம் அஞ்சல் வழியில் சேர்ந்தார். இதைத் தியாகம் என்று புகழ்ந்து தப்பித்துக்கொள்வது நமக்கு எளிது. சரியானதைச் சொல்பவன் எதையாவது இழந்தே தீர வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பற்றித்தான் நாம் வெட்கப்பட வேண்டும்.

அந்தப் போட்டிக்கு வண்டி போகவில்லை. ஆசை விடாத ராஜராஜன் புதுச் சக்கரம் வாங்க முடிவு செய்து, விலைப் பட்டியல் புத்தகத்தைத் தியாகராசனிடம் கொடுத்தார். அது நேராகக் கலந்தரின் மேசைக்கு வந்தது. பளபளப்பாகப் படம் போட்டவற்றைக் கலந்தர் முதலில் ஒதுக்கினார்.

"இரும்புல வாங்கிட்டா தேவலாமே பாய்?" என்றார் தியாகராசன்.

"கனம். குதிச்சு எறங்குன சக்கரம் மேடு பள்ளத்தோட ஏறி எறங்க நேரமெடுக்கும். வண்டி உன் பேச்சக் கேக்காது."

அலுமினியமேதான், ஆனால் தடித்த தகடு. விளிம்பைச் சுருட்டி மடித்தது. அடி விழும் உள்பக்கத்தில் கூடுதலாக ஒரு வளையம் வைத்தது. அகலம் கூட்டினால் பேரிங்குக்குச் சுமை கூடும் என்பதால் பழைய அளவே. நான்கு போல்ட் ஓட்டைகளின் இடைவெளியைப் பழைய ரிம்மில் வைத்து இரண்டு முறை அளந்து எழுதிக்கொடுத்தார். அடுத்த பருவத்துப் போட்டியில் அந்தச் சக்கரங்களோடு தியாகராசன் ஐந்தாவதாக வந்தார். சக்கரம் மடியவில்லை. எலும்பும் முறியவில்லை.

கலந்தர் இன்றும் கேஜ் வீல் தட்டுகிறார். அலுமினிய ரிம் கொண்டுவருபவர்களிடம், இதைக் காய்ச்ச மாட்டேன், வேறு வாங்குங்கள் என்கிறார். பெரும்பாலானவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பட்டறைக்குப் போகிறார்கள். அங்கே தட்டித் தருகிறார்கள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் முடியாது என்று சொல்வார். அப்போது வண்டியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் நின்று, ஏன் என்று அவரிடம் கேளுங்கள். அந்த வண்டியை ஓட்டப்போகிறவரையும் பக்கத்தில் அழைத்து, அவர் காதுபடக் கேளுங்கள்.