படத்தில் விழாத கூரை

திருவொற்றியூர்க் கரையிலிருந்த எங்கள் வீட்டைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, எர்ணாவூர் அரசுக் குடியிருப்பில் ஒரு வீடு கேட்டு என் மகளோடு ஆபீசுக்குப் போயிருந்தேன். புருஷனை இழந்தவள், மீன் விற்றுப் பிழைக்கிறாள். நாங்கள் அங்கே குடியிருந்ததற்குச் சாட்சி வேண்டுமாம். காகிதமெல்லாம் வீட்டோடு போய்விட்டது. அதிகாரி அம்மா நல்ல மாதிரி. நம் நாடு ஆதியில் விட்ட ஒரு செயற்கைக்கோள் எங்கள் கரையை எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார்.

எனக்கு என் மனைவி ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கோள் மேலே போன செய்தியை டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு, பூமியைப் படம் பிடிக்கிறதாம் என்று நான்தான் அவளிடம் சொன்னேன். அப்போதெல்லாம் மழைக்காலத்துக்கு முன்பே கிழிந்த வலையைக் கூரைமேல் போர்த்தி, ஓரத்தில் கல் கட்டித் தொங்கவிடுவோம். காற்று கீற்றைப் பிடுங்காது. நான் சொன்ன மறுநாள் பார்த்தால், ஏணி வைத்து ஏறி வலையை உருவி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“மேலேர்ந்து பாக்குறவனுக்கு கிழிஞ்ச வலதான தெரியும்? இங்க ஒரு வூடு கீதுன்னு தெரிய வாணாமா?”

அந்த வாரமே அடித்த காற்றில் கூரை முழுசாகப் பறந்தது. பக்கத்து வீட்டுக்காரன் என்னைக் கண்டபோதெல்லாம் கேட்டான்: “இன்னா மாமு, படம் நல்லா வுழுந்துச்சா?” அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவள் போய் வெகுகாலம் ஆகிறது.

கம்ப்யூட்டரில் நீலமும் சிவப்புமாகத் திட்டுகள். எங்கள் வீடு எது என்று கேட்டேன். அந்தக் கோளின் கண்ணுக்கு வீடெல்லாம் தெரியாது, குப்பமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும் என்றார் அந்த அம்மா. அங்கே தரை இருந்தது தெரிகிறது, யார் இருந்தார்கள் என்பது தெரியவில்லை. கோள் இப்போதும் சுற்றுகிறதா என்றேன். எப்போதோ கீழே இறங்கி எரிந்துவிட்டதாம். கூடக் குடியிருந்தவர் யாராவது வந்து சொன்னால் பார்க்கலாம் என்றார்.

எங்களைத் தெரிந்தவர்களில் மிச்சமிருப்பது அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன்தான். புளியந்தோப்பில் மகன் வீட்டில் கிடக்கிறான். போனோம். அவனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் சொன்னேன், கூரை பறந்தது வரைக்கும். சொல்லி முடித்ததும் அவன், “படம் நல்லா வுழுந்துச்சா?” என்றான்.

என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “யாரு வூட்டுக் கூரைன்னு கேளு, நைனா.”

கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். அவன் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.