நிமிடத்துக்கு முப்பது

பாயிஸாவும் நானும் கண்டியில் ஒரே கணினிக் கம்பனியில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து வேலை செய்தோம். அவசரம் தெரியாத பெண். பஸ் புறப்பட்டால்கூட ஓடமாட்டாள். நான் எவ்வளவு கேலி செய்தாலும் சிரித்துவிட்டுப் போவாள்.

தன் ஊர்ப் பள்ளிவாசலுக்கு அவள் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தாள். யாராவது மௌத்தானால், அடக்கம் எத்தனை மணிக்கு என்று நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும், வீட்டுக்காரரின் நம்பருக்கு, ஜனாஸா அறிவித்தல் எஸ்.எம்.எஸ். ஆகப் போகும். எஸ்.எம்.எஸ். சேவைக்காரர்கள் நிமிடத்துக்கு முப்பதுதான் ஏற்பார்கள். மீறினால் அரை மணி நேரம் பூட்டிவிடுவார்கள். முதல் ஜனாஸாவுக்கே அப்படிப் பூட்டுப்பட்டது. அதனால் ஒன்றை அனுப்பினால் இரண்டு விநாடி பொறுத்து அடுத்ததை அனுப்பும்படி எழுதினாள். வரிசை, பள்ளிவாசல் சந்தா இலக்கப்படி. பழைய குடும்பங்கள் முதலில். ஊர் எல்லையில் புதிதாக வீடு கட்டியவர்கள் பின்னால். அவளுடைய தங்கை சகீனாவின் வீடுதான் கடைசி. மௌத்துச் செய்தி பதினான்கு நிமிடம் பிந்தினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

2018 மார்ச்சில் ஒரு பின்னேரம், பாயிஸா ஊர்ப் பள்ளிவாசலில் இருந்தபோது, முஸ்லிம் வீடுகளைத் தாக்கிக்கொண்டிருந்த கலவரக்காரர்கள் ஊரை நோக்கி வருகிறார்கள் என்று தெரிந்தது. வாட்ஸ்அப் முடக்கப்பட்டிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் போன் எடுத்ததில் தங்கைக்கு லைன் கிடைக்கவில்லை. வீடுகளை விட்டு வெளியேறுங்கள் என்று செயலியில் போட்டாள். பள்ளிவாசல் தலைவர் முஹைதீன் ஹாஜியார் பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பொறுக்கிறத எடுத்துடுங்க மகள். எல்லாருக்கும் ஒரேயடியாப் போகட்டும்."

"எடுத்தா முப்பதோட பூட்டிடுவாங்க, ஹாஜியார்."

அவள் சொன்னது சரி. நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் வந்தவர்கள் எல்லைப் பக்கத்தால் வந்தார்கள். பட்டியலைத் தலைகீழாக்க ஒரு வரியை மாற்றினால் போதும். அது அவளுக்குத் தோன்றவில்லை. இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சகீனாவின் கணவர் ஹுஸைன் இருதய நோயாளி. பத்து நிமிடம் முந்தித் தெரிந்திருந்தால் மெதுவாக நடந்தே பின்பக்க மேட்டில் ஏறியிருப்பார். செய்தி வந்தபோது முன்கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஓடினார்கள். பாதி மேட்டில் அவர் உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை.

மறுநாள் ஹாஜியார் ஹுஸைனின் பெயரை எழுதிக் கொடுத்தார். பாயிஸா அழவில்லை. முதலில் அந்த ஒரு வரியை மாற்றினாள். கடைசி வீடு முதலுக்கு வந்தது. பிறகு அறிவித்தலை அனுப்பினாள். இரண்டிரண்டு விநாடியாகப் போனது.

முதலாவது ஹுஸைனின் போனுக்கு. அது சகீனாவின் மடியில் இருந்தது.